காரைநகர் முதல் மணற்காடு வரை

காரைநகர், ஆவணி மாதம், வெள்ளிக்கிழமை

பாடசாலைக்கு விடுமுறை விட்டதும், பரீட்சைத் தாள்களையும் பட்டணத்துப் புழுதியையும் ஒருங்கே மறந்து சில தினங்களைக் கடலோரத்திலே கழிப்பதென்று முன்னமே நிச்சயித்திருந்தேனாதலின், இன்று காலை பொன்னாலைக்கு வந்து, தாம்போதியைக் கடக்குமுன் வரதராஜப் பெருமாள் சந்நிதியிலே சற்று நேரம் நின்றேன். வலைஞர் விரித்த வலையில் ஓர் ஆமை அகப்பட்டதென்றும், அது கல்லாய்ச் சமைந்ததென்றும், கூர்மமாய் வந்த பெருமானுக்கே இவ்வாலயம் எழுந்ததென்றும் தல ஐதிகம் கூறுகின்றது. வலையிலே ஆமையைக் கண்டு கைகூப்பிய கதையொன்று நமது கரைக்கே உரியதாயிருப்பது எனக்குப் பெரும் மனநிறைவைத் தருகின்றது.

கசூரினாக் கடற்கரையிலே, கரையிலிருந்து நெடுந்தூரம் நடந்து சென்றாலும் நீர் இடுப்புக்கு மேல் ஏறுவதில்லை. சோளகக் காற்றின் வேகமும் சவுக்கு மரங்களிலே தணிந்துவிடுகின்றது. மாலை முழுவதும் அந்நீரிலே கிடந்தேன். இரவு, தங்கியிருக்கும் வீட்டு அம்மா பிளாவிலே வார்த்துத் தந்த ஒடியற் கூழும், பின்னர் சுடச்சுட வந்த பனங்காய்ப் பணியாரமும் அமிர்தமாயிருந்தன.

சனிக்கிழமை

பகல் முழுவதும் மர நிழலிலே வாசிப்பு. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற், யாழ்ப்பாணச் சந்தையிலே ஆமையை மல்லாத்தி, அடியோட்டை நீக்கி, இருதயம் துடிப்பது வெளியே தெரியும்படி உயிரோடு கிடத்தி, கேட்டவர்க்குக் கேட்ட பாகத்தை அறுத்துக் கொடுத்த கொடுமையை வருணித்திருக்கின்றார். அந்நியன் நம்மை இழித்துரைத்தான் என்று சினந்து தள்ளுவதற்குரிய பக்கமன்று அது. பொன்னாலையிலே கும்பிட்ட கைகளும் சந்தையிலே அறுத்த கைகளும் ஒரே சமூகத்தின் கைகளே என்னும் எண்ணம் அதற்கு மேல் வாசிக்க விடவில்லை. இலங்கைக் கரைகளில் முட்டையிடும் ஐந்து வகைக் கடலாமைகளும் இன்று சட்டத்தின் பாதுகாப்பிலுள்ளன என்பது ஓர் ஆறுதல்.

மணற்காடு, திங்கட்கிழமை

வல்லிபுர ஆழ்வாரைத் தரிசித்துவிட்டு, வெண்மணற் குன்றுகளின் ஊடாக நடந்து, மணலுண்ட பழைய தேவாலயத்தின் சுவர்களைக் கடந்து கரையை அடைந்தபோது, கரைவலை ஏறக்குறைய முழுவதும் இழுபட்டிருந்தது. மடி கரையைத் தொட்டதும், துள்ளும் சூடை மீன்களின் நடுவே இரண்டு முழ நீளமான பச்சையாமையொன்று எழுந்தது. "மெல்லப் பிடியுங்கோ பெடியள், துடுப்பு நோகப் போகுது!" என்று முதிய சம்மாட்டியார் கூவினார். நான் அருகே சென்று குனிந்து பார்த்தேன். பழுப்பு ஓட்டிலே கொட்டலசுகள் அப்பியிருந்தன. சுருக்கம் விழுந்த கழுத்து நீண்டு, வாய் திறந்து, முதியவர் ஒருவரின் பெருமூச்சைப் போன்றதொரு சுவாசம் ஓசையுடன் வெளிவந்தது. கண்ணோரத்திலே பசைபோல நீர் வழிந்தது. உட்சென்ற உப்பை வெளியேற்றும் சுரப்பியின் தொழிலே அதுவென அறிந்திருந்தும் மனம் இளகிற்று. நால்வர் தூக்கிச் சென்று அலையிலே விட்டனர்.

கரைவலையிலே அகப்படும் ஆமை பெரும்பாலும் உயிரோடு மீளும். நுரையீரலாற் சுவாசிக்கும் பிராணியாதலின், நீருக்கடியில் நெடுநேரம் அதனை அமிழ்த்தி வைக்கும் இழுவைமடியே அதற்கு யமன். அடித்தள இழுவைமடித் தொழிலை இலங்கை 2017 இல் சட்டத்தால் தடைசெய்தது. ஆயினும் வடகடலில் அத்தொழில் ஒழிந்தபாடில்லை. ஆமை மேயும் கடற்புல்லும் அதனால் வேரோடு போகின்றது.

செவ்வாய்க்கிழமை

இன்றும் சம்மாட்டியாருடைய வாடியிலே அமர்ந்து, முன்பொரு விடுமுறையிலே தென்கோடியிலுள்ள ரெக்காவையில் நான் கண்டதை அவருக்கு எடுத்துரைத்தேன். அங்கே 1996 முதல், முன்னர் முட்டை தோண்டி விற்ற கிராமத்தவரே காவலராய் அமர்ந்து, முட்டைகளை இட்ட இடத்திலேயே காத்தனர்; 2006 இல் அக்கரை சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. இருளிலே மௌனமாய்க் காத்திருந்த எங்கள் முன், தாயாமை பின்துடுப்புகளைக் கைகளாக்கி, ஒரு பிடி மணலையும் சிந்தாது குடம்போற் குழி அகழ்ந்து, நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலை அழுத்தி மூடிச் சென்றதைக் கண்டபோது, அதனினும் புனிதமான காட்சியொன்றை நான் கண்டதில்லையென்று தோன்றிற்று. தென்கரையிலே வேறு சில இடங்களில் குஞ்சுகளைத் தொட்டிகளில் வைத்துப் பிரயாணிகளுக்குக் காட்டுகின்றார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை. பிறந்தவுடன் ஆழ்கடலை நோக்கி இடையறாது நீந்துவதற்கென இயற்கை அளித்த வேகத்தை அக்குஞ்சு தொட்டிச் சுவரிலே மோதி விரயஞ் செய்கின்றது. மேலும், மணலின் உஷ்ணமே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பதாலும், மின்விளக்கை அடிவானத்து ஒளியென மயங்கிக் குஞ்சுகள் தரைப்பக்கமாய் ஊர்ந்து மடிவதாலும், கரையைக் கரையாகவே விட்டுவைப்பதைவிட உயர்ந்த சரணாலயம் வேறில்லையென்பது என் துணிபு.

சம்மாட்டியார் நெடுநேரம் கேட்டிருந்தார். தம் இளமையில் ஆமைத் தடத்தைக் கண்டால் முட்டைக்காகத் தோண்டுவார்களென்றும், இப்போது விடியுமுன் பெடியள் அத்தடத்தைக் காலால் அழித்துவிடுவதால் முட்டை எங்கேயென்று பிறர் அறியாரென்றும் கூறினார். இங்கும் ரெக்காவையைப் போல் ஓர் ஏற்பாடு செய்ய முயன்றால் என்ன வேண்டுமென்று வினவினேன்.

"தொட்டி ஒண்டும் வேண்டாம் மாஸ்ரர். கரையைப் பாத்து எரியிற லைற்றுகளை மற்றப் பக்கம் திருப்பிவிட்டாக் காணும், மிச்சத்தை நாங்கள் பாப்பம்" என்றார்.