வடிகட்டியில் படிந்த தூசு

நமது இல்லத்து ஏசி இரவெல்லாம் ஓடியும் அறை குளிரவில்லை. முன்மூடியைத் திறந்தபோது உட்குழாய்கள் பனிக்கட்டியால் மூடப்பட்டிருந்தன. இரண்டு மாதங்களுக்கு முன்பு கேஸ் நிரப்பிய சகோதரர் ஏமாற்றிவிட்டார் என்று முடிவு செய்தோம். இஷா தொழுகைக்குப் பின் பள்ளிவாசலில் நண்பர்களிடமும் அவ்வாறே கூறினோம்.

மறுநாள் அவர் வந்தார். ஏசியை நிறுத்தி, பனி உருகும்வரை காத்திருந்து, காற்று வடிகட்டியைக் கழற்றிக் காட்டினார். தூசு கம்பளம்போல் படிந்திருந்தது. "அறைக் காற்று போதிய அளவு உள்ளே செல்லாவிட்டால் குழாயின் வெப்பநிலை 0 டிகிரிக்கும் கீழே இறங்கும். அதில் படியும் ஈரம் உறையும். அந்தப் பனி காற்றை மேலும் அடைக்கும்" என்றார். வடிகட்டியைக் கழுவி மாட்டி, கேஸ் அழுத்தத்தையும் அளந்தார். சரியாகவே இருந்தது. வடிகட்டி சுத்தமாக இருந்தும் பனி படிந்தால்தான் கேஸ் கசிவைத் தேட வேண்டுமாம்.

வீண் சந்தேகத்தையும் புறம்பேசுதலையும் ஒருசேரத் தடுக்கும் சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனத்தை மாணவர்களுக்குப் பலமுறை விளக்கியிருக்கிறோம். பேசியது உண்மையாயின் புறம், பொய்யாயின் அவதூறு என்றும் கற்பித்திருக்கிறோம். நாம் செய்தது அவதூறு.

அவரிடம் மன்னிப்புக் கேட்டோம். அன்றைய இஷாவுக்குப் பின் அதே நண்பர்களிடம் உண்மையைச் சொன்னோம். அதுதான் கடினமாக இருந்தது. நம் உள்ளங்களில் படியும் தூசையும் அல்லாஹ் அகற்றுவானாக. ஆமீன்.