நேரு பிளேஸ் கடைவீதியிலே

ஊரிலிருந்து உறவினர் வந்தால் டில்லியில் நாம் காட்டும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். செங்கோட்டை, குதுப் மினார், பிர்லா மந்திர், மலை மந்திர், நாள் இருந்தால் ஆக்ராவுக்கு ஒரு நடை. ஆனால் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் வயதை எட்டிய குடும்பங்கள், இப்பட்டியலில் இல்லாத ஓர் இடத்துக்கும் ஜூன், ஜூலை மாதங்களில் யாத்திரை போகின்றன. அதுதான் நேரு பிளேஸ். மடிக்கணினியோ அச்சுப்பொறியோ வாங்குவோரும், பழுது பார்ப்போரும், விலையை மட்டும் கேட்டுக்கொண்டு திரும்புவோரும் அங்கேதான் கூடுகின்றனர்.

ராமகிருஷ்ணபுரம், முனீர்க்கா பக்கத்தில் வசிக்கும் நம்மவர்க்கு வழி எளிது. மெஜந்தா தடத்து மெட்ரோவில் கால்காஜி மந்திர் வரை சென்று, ஊதாத் தடத்துக்கு மாறினால் அடுத்த நிலையமே நேரு பிளேஸ். மயூர் விஹாரிலிருந்து வருவோர் லாஜ்பத் நகரில் மாற வேண்டும். காளி கோவிலும், 1986இல் திறக்கப்பட்ட தாமரைக் கோவிலும் அண்மையிலேயே இருப்பதால் தரிசனத்தையும் சேர்த்து முடித்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போகலாகாது. பெரும்பாலான கடைகள் அன்று பூட்டிக் கிடக்கும்.

நிலையத்தை விட்டு இறங்கி நடந்தால், பல அடுக்குக் கட்டடங்கள் சூழ நடுவே கல் பாவிய நீண்ட முற்றம் தெரியும். டில்லி வளர்ச்சி ஆணையம் எழுபதுகளில் அலுவலகங்களுக்கென்று உருவாக்கிய இடம் இது. பிறகு கணினி வணிகம் வந்து கீழ்த்தளங்களைப் பிடித்துக்கொண்டது. முற்றத்தில் கால் வைத்த உடனேயே, “லேப்டாப்? பிரிண்டர்? ரிப்பேர்?” என்று இளைஞர்கள் இருபுறமும் கேட்டுக்கொண்டு உடன் நடப்பார்கள். தரையில் துணி விரித்துக் கைப்பேசி உறைகளும் சார்ஜர்களும் பரப்பியிருப்பார்கள். மாடிகளில் இருட்டு நடைகளின் இருமருங்கும் சிறு சிறு கடைகள். ஓரிடத்தில் ஒருவர் உருப்பெருக்கியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, பிரித்துப்போட்ட மடிக்கணினிக்கு ஈயம் பற்றவைத்துக்கொண்டிருப்பார். அவருக்கு அடுத்த கடையில் திரைச்சீலைத் துணி விற்பார்கள். துணிச் சந்தையும் இங்கே உண்டு.

இந்த இடத்துக்கென்று ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. பில் கேட்டால் ஒரு விலை, கேட்காவிட்டால் ஒரு விலை. முன்னதைப் பக்கா பில் என்பார்கள்; துண்டுத் தாளில் எழுதிக் கொடுப்பது கச்சா பில். இவ்வழக்கம் வேரூன்றியதற்குக் காரணம் இருந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் கணினிகளுக்கும் அவற்றின் பாகங்களுக்கும் இறக்குமதித் தீர்வை மிக அதிகம். தீர்வை கட்டாமல் வந்த பாகங்கள் பில் இல்லாமலே கைமாறின. 1997இல் இந்தியா தகவல் தொழில்நுட்பப் பொருள்களைப் பற்றிய உலக ஒப்பந்தத்தில் சேர்ந்தது; 2005க்குள் கணினிகள் மீதிருந்த சுங்கத் தீர்வை படிப்படியாக நீங்கிற்று. காரணம் போய்விட்டது; வழக்கம் மட்டும் போகவில்லை. அதனால் நேர்ந்த நஷ்டத்தை நம்மவர் குடும்பம் ஒன்றில் நாங்கள் கண்ணாரக் கண்டோம்.

முனீர்க்காவில் ஓர் அம்மையார் இருக்கிறார். விழுப்புரம் பக்கத்தவர். இட்லி மாவு அரைத்து நம்மவர் வீடுகளுக்குக் கொடுத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். மூத்தவன் கல்லூரியில் சேர்ந்தபோது கடன் வாங்கி ஒரு மடிக்கணினி வாங்கினார்கள். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். பில் இல்லாவிட்டால் மூவாயிரம் ரூபாய் குறைவு என்று கடைக்காரர் கூறினார். பையனும் அது பெரிய லாபம் என்று ஒப்புக்கொண்டான். ஏழாம் மாதம் இயந்திரம் உயிரை விட்டது. கம்பெனியின் பழுது நிலையத்தில் எண்ணைப் பார்த்தார்கள். அந்த இயந்திரத்தின் வாரண்டி, இவர்கள் வாங்குவதற்கு முன்னரே முடிந்துபோயிருந்தது. யாரோ பயன்படுத்திய பொருள் புதுப் பெட்டிக்குள் வந்திருக்கிறது. கடைக்காரரோ, “இது எங்கள் கடையில் வாங்கியதுதான் என்பதற்குச் சீட்டு எங்கே?” என்று கேட்டார். அவன் இரண்டு ஆண்டுகள் நண்பர்களின் கணினியை இரவல் வாங்கிப் பாடம் எழுதினான்.

சென்ற கோடையில் இளைய மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. “ஸார், இந்தத் தடவை நீங்களும் கூட வரணும்” என்று அம்மையார் கேட்டுக்கொண்டதால் நாங்களும் புறப்பட்டோம். அவருக்கு வழித்துணையாகப் போகிறோம் என்றுதான் எண்ணினோம். போன பிறகு, பாடம் கேட்கப் போனவர்கள் நாங்களே என்று தெரிந்தது. மாவு விற்றுப் பழகிய அவருடைய இந்தி எங்கள் இந்தியைவிட நூறு மடங்கு மேல்.

முதற்கடையில் அவர் பேரமே பேசவில்லை. மாடலின் முழு எண்ணை மகளைக் கொண்டு எழுதச் செய்தார். விலையையும் கடைக்காரர் கையாலேயே எழுதி வாங்கினார். இரண்டாம் கடையிலும் அவ்வாறே. ஒரே பெயருள்ள மடிக்கணினியில் பிராசசர் ஒன்று, நினைவகம் ஒன்று, திரை ஒன்று என்று பல வகைகள் உண்டு. முழு எண் இல்லாமல் இரு கடைகளின் விலையை ஒப்பிடுவது, பொன்னி அரிசியையும் பாஸ்மதியையும் அரிசி என்ற பெயரால் ஒப்பிடுவது போன்றதாகும். அன்றைய தினம் இணையத்தில் அதே மாடல் என்ன விலை என்பதையும் மகள் குறித்துவைத்திருந்தாள். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எம்.ஆர்.பி.யை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை. அது எல்லா வரிகளும் உட்பட இதற்கு மேல் விற்கக் கூடாது என்ற உச்சவரம்பேயன்றி விற்கும் விலையன்று. அதிலிருந்து பத்தாயிரம் தள்ளினோம் என்பது தள்ளுபடியும் அன்று.

மூன்றாம் கடையில்தான் அமர்ந்தார். கடைக்காரர் 61,500 ரூபாய் என்றார். அப்போதுதான் கடை திறந்த நேரம். “இது போஹ்னி வேளை, பஹன்ஜி. உங்களைத் திருப்பி அனுப்ப மாட்டேன்” என்றும் சொன்னார். அம்மையார் சிரித்தார். “எங்கள் ஊரிலும் போணிதான். போணி நேரத்தில் பொய் விலை சொல்ல மாட்டார்கள்” என்று பதில் கூறினார். அந்த ஒரு சொல்லால் கடைக்காரரின் முகம் மலர்ந்தது. ரங்கநாதன் தெருவிலும் நேரு பிளேஸிலும் முதல் வியாபாரத்துக்குப் பெயர் ஒன்றே என்பதை நாங்கள் அன்றுதான் கவனித்தோம். எழுதி வாங்கிய இரு சீட்டுகளில் குறைந்த விலையுள்ளதை அவர் முன் வைத்ததும், விலை 59,000க்கு இறங்கியது.

அதற்கு மேல் இயந்திரத்தின் விலையை அவர் அசைக்க முயலவில்லை. காரணத்தைப் பின்னர் கேட்டோம். “மாவுல எனக்கு என்ன நிக்கும்னு எனக்குத் தெரியும். அவருக்கும் அப்படித்தானே ஸார்?” என்றார். அவர் எண்ணியது சரியே. புதிய மடிக்கணினியில் சில்லறைக் கடைக்காரருக்குக் கிடைக்கும் லாபம் மெல்லியது. அதை ஓரளவுக்கு மேல் இறக்க அவருக்கே இடமில்லை. பை, மௌஸ், கீபோர்டு, கேபிள், வைரஸ் தடுப்பு மென்பொருள் ஆகியவற்றிலேதான் அவருக்கு லாபம் தடித்திருக்கும். ஆகவே பேரத்தை அங்கே நடத்த வேண்டும். “கத்தரிக்காய் வாங்கினால் கொத்தமல்லியும் பச்சை மிளகாயும் கொசுறு. ஐம்பத்தொன்பதாயிரத்துக்கு ஒன்றும் இல்லையா?” என்று கேட்டே, நல்ல பை ஒன்று, மௌஸ் ஒன்று, கீபோர்டின் மேலுறை ஒன்று ஆகிய மூன்றையும் வாங்கிவிட்டார்.

பிறகுதான் அந்தப் பழைய பேச்சு வந்தது. பில் வேண்டாமென்றால் இன்னும் மூவாயிரம் குறைக்கலாம் என்று கடைக்காரர் குரலைத் தாழ்த்திச் சொன்னார். அம்மையார் அமைதியாகப் பதில் கூறினார்: “அந்த மூவாயிரத்தை நாங்கள் முன்பே ஒரு முறை சம்பாதித்துவிட்டோம், பாயி. இன்னும் கடன் அடைத்துக்கொண்டிருக்கிறோம்.” கடைக்காரர் அதற்கு மேல் ஒன்றும் பேசாமல் பில் புத்தகத்தைத் திறந்தார்.

அந்த மூவாயிரத்தின் கணக்கை நம் வாசகர்கள் ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. 2017 ஜூலை முதல் நாளிலிருந்து ஜி.எஸ்.டி. நடைமுறையில் இருக்கிறது. மடிக்கணினிக்கு அது நூற்றுக்கு 18. ஆகவே 59,000 ரூபாயில் பொருளின் விலை 50,000, வரி 9,000. பில் இல்லாவிட்டால் அந்த ஒன்பதாயிரமும் கடைக்காரருக்கு மிஞ்சும், அதில் மூன்றை நமக்குத் தருகிறார் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை அதுவன்று. அவர் அப்பொருளை மொத்த வியாபாரியிடம் முறைப்படி 48,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தால், அப்போதே 8,640 ரூபாய் வரி கொடுத்திருப்பார். விற்கும்போது நம்மிடம் வாங்கும் 9,000 ரூபாயில் அதைக் கழித்துக்கொண்டு, மீதி 360 ரூபாயைத்தான் அரசுக்குச் செலுத்த வேண்டும். பில்லை மறைத்து 360 ரூபாய் மிச்சம் பிடிக்கிறவர் நமக்கு எப்படி 3,000 ரூபாய் தருவார்? தர முடிகிறதென்றால், அந்தப் பொருள் அவருக்கே முறைப்படி வந்திராது; அல்லது பழையதாக இருக்கும்; அல்லது அதற்குரிய பில் வேறு யார் பெயருக்கோ போயிருக்கும். பில் இல்லாத தள்ளுபடி அரசை ஏமாற்றுவது என்பது ஒரு புறம் இருக்கட்டும். முதலில் ஏமாறுகிறவர் வாங்குகிறவரே.

பில் என்றால் ஏதோ ஒரு தாள் போதாது. அதில் கடையின் பதினைந்து எழுத்துள்ள ஜி.எஸ்.டி. எண், வாங்குபவர் பெயர், மாடலின் முழு எண், இயந்திரத்தின் சீரியல் எண் ஆகியவை இருக்க வேண்டும். டில்லியிலேயே வாங்கினால் மத்திய வரி 9, மாநில வரி 9 என்று இரண்டும் தனித்தனியே தெரிய வேண்டும். பெட்டியின் முத்திரையை நம் கண்முன் உடைத்து, பெட்டியிலுள்ள எண்ணும் இயந்திரத்தின் அடியிலுள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணைக் கம்பெனியின் இணையதளத்தில் இட்டால் வாரண்டி எந்நாள் வரை என்பது தெரிந்துவிடும். அம்மையாரின் மகள் கடையிலேயே நின்று இவ்வளவையும் செய்தாள். பிறகே பணம் கைமாறிற்று.

பணம் கொடுக்கும் முறையையும் விலை பேசும்போதே சொல்லிவிடுவது நலம். கிரெடிட் கார்டு என்றால் நூற்றுக்கு இரண்டு கூடக் கேட்கும் கடைகள் உண்டு. பேரம் முடிந்த பிறகு அதைக் கேட்டு மனம் கசப்பானேன்? “வட்டியில்லாத் தவணை” என்ற விளம்பரத்தையும் சற்று நின்று படிக்க வேண்டும். பெரும்பாலும் வங்கி வட்டியை வாங்கத்தான் செய்கிறது. அதற்கு ஈடான தொகையை விலையில் தள்ளுபடியாகக் காட்டுகிறார்கள். அவ்வட்டியின் மேல் ஜி.எஸ்.டி. தனியே விழும். முழுத் தொகையையும் ஒரே தடவையாகக் கொடுக்கிறவர், அந்தத் தள்ளுபடியைத் தமக்கும் தரலாகாதா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்ற பொருளுக்குப் பில் தர மறுப்பதை நேர்மையற்ற வணிகம் என்கிறது. குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பதும் அவ்வாறே. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குத் தொலைபேசி செய்து முறையிடலாம். ஆனால் அங்கும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

டில்லியைச் சொன்னோமாயினும், நம்மவர் வாழும் நகரங்கள் தோறும் ஒரு நேரு பிளேஸ் உண்டு. பம்பாயில் கிராண்ட் ரோடு நிலையத்தருகே லாமிங்டன் ரோடு, பெங்களூரில் எஸ்.பி. ரோடு, செகந்திராபாதில் செனாய் டிரேடு சென்டர், கல்கத்தாவில் சாந்தினி சந்தை, ஊருக்குப் போனால் சென்னையில் ரிச்சி தெரு. பாஷை மாறும், பேரத்தின் முறை மாறாது. பில் வேண்டுமா என்ற கேள்வி எந்தப் பாஷையில் வந்தாலும் விடை ஒன்றாகவே இருக்கட்டும்.

பேரம் பேசுவதை இழிவாக நினைப்போர் நம்மவருள் சிலர் உண்டு. விலை கேட்டு வெட்கத்தோடு கொடுத்துவிட்டு வருவார்கள். வேறு சிலர் கடைக்காரரைத் திருடராகவே எண்ணிச் சண்டையிட்டுத் திரும்புவார்கள். அம்மையார் இவ்விரு வழியும் போகவில்லை. அவரும் பிழைக்க வேண்டும், நாமும் பிழைக்க வேண்டும் என்ற நினைவோடு பேசினார். விலையில் இறங்குவதற்கு இடமிருக்கும் வரை இறக்கினார்; கொசுறை உரிமையோடு கேட்டார்; பில்லில் மட்டும் ஓர் எழுத்தும் குறையவிடவில்லை. இவ்வாண்டு கல்லூரி செல்லும் பிள்ளைகளின் பெற்றோர் இதை மனத்தில் கொள்வார்களாக. வாங்கி வந்த பில்லை, பிள்ளையின் மதிப்பெண் சான்றிதழ் இருக்கும் அதே உறையில் வைத்துப் பூட்டுவார்களாக.