இரண்டாவது கியர்

நாற்பத்தேழு வயதில் ஒரு கிராமத்து வாத்தியாருக்குக் காரில் டர்போ பூட்டும் ஆசை வரலாமா? எனக்கு வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

என்னிடம் இருப்பது 2008இல் ஜப்பானில் செய்யப்பட்ட சுசுக்கி ஸ்விப்ட் ஸ்போர்ட். 2018இல் வங்கிக் கடனும் மனைவியின் இரண்டு காப்புகளும் சேர்ந்து வாங்கித் தந்தது. 1600 சீசீ எஞ்சின், கையால் மாற்றும் ஐந்து கியர், 125 குதிரைவலு. சம்மாந்துறையிலிருந்து பாடசாலைக்குப் போய்வர, உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிச் செல்ல, அரிசி மூட்டை ஏற்ற, எல்லாவற்றுக்கும் அதுதான். வீட்டில் வேறு வாகனம் கிடையாது.

போன வருடம் மூத்த மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்தது. அவளைக் கொண்டுபோய்விட அம்பாறை, மஹியங்கனை வழியாகக் குடும்பமாகப் புறப்பட்டோம். ஹசலக்கையைத் தாண்டிப் பதினெட்டு வளைவு ஏற்றத்தையும் ஒருவாறு முடித்தோம். முன்னால் மரம் ஏற்றிய லொறியொன்று ஊர்ந்துகொண்டிருந்தது. நேரான ஒரு துண்டுப் பாதை கண்டதும் முந்திவிடலாமென்று காரை வெளியே எடுத்தேன். முழுக்க மிதித்தும் கார் இழுக்கவில்லை. ஐந்து பேர், சாமான்கள், போதாக்குறைக்கு ஏசி வேறு. லொறியின் பாதி நீளத்தில் நிற்கையில் எதிரே பஸ்ஸொன்றின் முகம் தெரிந்தது. பிரேக்கை அமத்தி, மீண்டும் லொறியின் பின்னால் ஒதுங்கினேன். பின் சீட்டில் உம்மா 'யா அல்லாஹ்' என்றது மட்டும் கேட்டது. கண்டி வரை ஒருவரும் பேசவில்லை.

ஊர் திரும்பிய இரவு, உயர்தரம் படிக்கும் மகன் சொன்னான்: "வாப்பா, இதுக்கு டர்போ ஒண்டு போட்டா எல்லாம் சரி."

அன்றிலிருந்து எனக்கும் அதே நினைப்பு. எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றுகிறது, நிமிடத்துக்கு இலட்சம் சுற்றுக்கும் மேலாக. அதே தண்டின் மறுமுனையிலுள்ள சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. காற்றுக் கூடினால் பெற்றோலையும் கூட்டி எரிக்கலாம், வலு கூடும். அல்பிரட் பூகி என்ற சுவிஸ் பொறியியலாளர் 1905இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். வீணாய்ப் போகும் புகையிலிருந்து வலு எடுப்பதென்றால் எந்த வாத்தியாருக்குத்தான் கசக்கும்? கையில் சீட்டுக் காசும் ஏழு இலட்சம் இருந்தது.

கராஜ் வைத்திருப்பவன் என் பழைய மாணவன். கடைசி வாங்கில் இருந்து, விகிதக் கணக்கில் எப்போதும் பிழை விட்டவன். அன்று அவன் எனக்கு விகிதம் படிப்பித்தான்.

"சேர், இந்த எஞ்சின்ட அமுக்க விகிதம் 11.1. ஏற்கனவே காத்தப் பதினொரு மடங்கு அமுக்குது. அதுக்கு மேல டர்போவும் தள்ளினா, பிளக்குட நெருப்பு வந்து சேர முன்னமே பெற்றோல் தானா வெடிக்கும். தட்டுற சத்தம் ஒண்டு கேக்கும். அப்பிடியே ஓடினா பிஸ்டன் உடையும். 2017ல சுசுக்கிக்காரன் டர்போவோட ஸ்விப்ட் ஸ்போர்ட் விட்டான்தான். ஆனா அதுக்கு வேற 1400 எஞ்சின் வச்சி, விகிதத்த 9.9க்குக் குறைச்சித்தான் விட்டான்."

நான் விடவில்லை. "அமுக்கத்தைக் குறைவாக வைத்து, ஒக்டேன் 95 அடித்து, கணினியையும் சரியாகப் பதிந்தால் தாங்காதா?"

"தாங்கும் சேர். அப்பிடி ஓடுற காரும் இரிக்கி. ஆனா அவங்களுக்கு வீட்டில ரெண்டாவது கார் ஒண்டு இரிக்கி."

இன்டர்கூலர், இன்ஜெக்டர், பம்ப், க்ளச், கணினி வேலை என்று விரல் மடித்தான். எட்டு இலட்சத்துக்குக் குறையாது. பிஸ்டனும் மாற்றினால் அதற்கும் மேல். பிறகு சாவியைக் கேட்டான்.

அம்பாறை வீதியில் அவன் ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தேன். இரண்டாவது கியரில் வைத்து மிதித்தான். முள் 4000, 5000 என்று ஏறியது. எஞ்சின் கத்தியது. என் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. இத்தனை வருடம் நான் ஓட்டிய கார்தானா இது?

"இதுட முழு இழுவை 4800ல சேர். நீங்க 2500க்கு மேல போனதே இல்ல போல."

உண்மைதான். 2022இல் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்குப் போனது. க்யூஆர் அட்டைக்குக் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று தொடங்கினார்கள். அந்த இருபதில் பாடசாலையும் கிளினிக்கும் போகவேண்டும். அப்போதுதான் கால் நோகாமல் மிதிக்கவும், முள் 2000ஐத் தொடுமுன் அடுத்த கியருக்குத் தாவவும் பழகினேன். அந்தப் பங்கீடு 2023 செப்டெம்பரில் முடிந்தது. என் காலுக்கு முடியவில்லை. லொறியை முந்தப் போன நேரமும் நான் மூன்றாவது கியரில் இருந்திருக்கிறேன்.

கராஜுக்குத் திரும்பியதும் பின் டயரில் பொறித்திருந்த இலக்கத்தைக் காட்டினான்: 3117. 2017ஆம் ஆண்டின் 31ஆவது வாரம். பிரேக் எண்ணெய் தேயிலைச் சாயம்போல் கறுத்திருந்தது. "நிக்கிறதுக்கு முதல்ல வழி பாப்பம் சேர். பறக்கிறது பொறகு."

நாலு டயர், பிரேக் வேலை, புதிய பிளக்குகள். சீட்டுக் காசில் பெரும்பகுதி மிஞ்சியது. மகளின் விடுதிக்கும் படிப்புக்கும் போகிறது. எட்டு இலட்ச ரூபாய் வேலையைத் தன் கையாலேயே தட்டிவிட்டவனை, விகிதம் தெரியாதவன் என்று ஒரு காலத்தில் வகுப்பில் எழுப்பி நிறுத்தியிருக்கிறேன். அதையும் அவனிடம் சொன்னேன். சிரித்தான்.

விடுமுறைக்கு மகளை அழைத்துவர அதே ஏற்றத்தில் மீண்டும் போனேன். ஓரிடத்தில் இரண்டாவது கியர் போட்டு, எஞ்சினைக் கத்தவிட்டு, ஒரு லொறியை முந்தினேன். அடுத்ததை முந்தவில்லை. வளைவு கிட்டத்தில் இருந்தது. பின்னால் பொறுமையாகப் போனேன்.

ஆசை முற்றாகப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். வீதியில் எங்காவது டர்போவின் விசில் கேட்டால் இன்னும் தலை திரும்பத்தான் செய்கிறது. பக்கத்தில் உம்மா இருந்தால் மட்டும், திரும்பாததுபோல் இருந்துகொள்கிறேன்.