மோந்தேனின் கல்லடைப்பு நாட்கள்

பிரெஞ்சு எழுத்தாளர் மிஷேல் த மோந்தேன் 1580–81இல் ஜெர்மனி, ஸ்விட்சர்லாந்து வழியாக இத்தாலிக்குச் சென்று திரும்பியபோது உருவானது அவருடைய பயண நாட்குறிப்பு. அச்சேற்றும் எண்ணம் அவருக்கு இருக்கவில்லை. அவருடைய மாளிகையில் ஒரு பெட்டியில் கிடந்த அது 1770இல் கண்டெடுக்கப்பட்டு, 1774இல் வெளிவந்தது. முதற்பகுதியை எழுதியவர் அவருடைய உதவியாளர். அதனால் அங்கே மோந்தேன் படர்க்கையில் வருகிறார். உரோமில் உதவியாளர் விலகியபின் அவரே எழுதத் தொடங்கினார்.

1580 செப்டம்பர், புளோம்பியேர்

கல்லடைப்புக்கு வெந்நீர் ஊற்று தேடி வந்த இடம் இது. 11 காலைகள் ஊற்றுநீர் குடித்தார்: எட்டு நாள் ஒன்பது குவளை, மூன்று நாள் ஏழு குவளை. ஐந்து முறை குளித்தார். நோய் தந்தைவழி வந்தது. தந்தை பியேர் 1568இல் இறந்ததும் இதனால்தான். மகன் பிறந்து 25 ஆண்டுகள் கழித்தே தந்தைக்கு நோய் கண்டது. அப்படியானால் அது இத்தனை காலம் எங்கே ஒளிந்திருந்தது என்று மோந்தேன் தம் ‘கட்டுரைகள்’ நூலில் வியக்கிறார். பரம்பரை நோய் பற்றி இதைவிட நல்ல கேள்வியை அந்நூற்றாண்டில் காண்பது அரிது. மருத்துவர்களை நம்பாத குணமும் முன்னோர் தந்ததே. ஊற்றுநீர் இயற்கையானது, கெடுதல் செய்யாது என்பதால் அதை மட்டும் ஏற்றார்.

1581 ஏப்ரல், லொரேட்டோ

மாதா கோயிலில் வெள்ளி உருவங்கள் பதித்த பலகையொன்றைக் காணிக்கையாக மாட்டினார். அதில் மாதா, அவர், மனைவி பிரான்சுவாஸ், மகள் லெயோனோர். பிறந்த ஆறு பெண் குழந்தைகளில் தங்கியவள் லெயோனோர் ஒருத்தியே.

1581 மே, லூக்காவின் வெந்நீர்த் துறை

நாட்குறிப்பின் உயிர் இங்கே இருக்கிறது. இவ்வூரிலிருந்து இத்தாலிய மொழியிலேயே எழுதிப் பழகினார். ஒரு காலை, கடிதம் எழுதும்போது, 1563இல் மறைந்த நண்பர் லா போயெசியின் நினைவு வந்து நெடுநேரம் அவரை வருத்தியது. சில நாட்களில் ஊர்க் குடியானவர்களைக் கூட்டி நடனம் நடத்தினார். லூக்காவிலிருந்து பரிசுகள் வரவழைத்து, ஆட்டத்தின் நளினம் பார்த்துப் பரிசுக்குரியவர்களைத் தேர்ந்தெடுக்குமாறு அங்கிருந்த பெண்மணிகளையே கேட்டுக்கொண்டார். எழுதப் படிக்கத் தெரியாத திவிட்சியா என்ற ஏழைப் பெண் அவ்வூரில் இருந்தாள். கவிஞர் அரியொஸ்தோவின் பாடல்களை மாமா வாசிக்கக் கேட்டே கவி கட்டக் கற்றவள், கழுத்தில் கழலை உடையவள். அவளைத் தம் பந்தியில் உட்காரவைத்தார். குலப்பெருமை உள்ள மனிதர்தான்; ஆனாலும் அவருக்குத் திறமையின் முன் வரிசை கிடையாது.

1581 ஆகஸ்ட் 24, அதே ஊர்

காலையில் கல்லொன்று சிறுநீர்ப் பாதையில் சிக்கியது. வேதனைக்குப்பின் வெளியேறியதும் அதன் அளவையும் வடிவத்தையும் கூச்சமின்றி எழுதிவைத்தார். எந்நேரமும் இந்நோயால் சாகலாம் என்றிருக்க, சாவை எளிதாக ஏற்கப் பழகாதிருப்பது கோழைத்தனம் என்றும் அதே பதிவில் எழுதினார்.

1581 செப்டம்பர் 7

போர்தோ நகரின் மேயராகத் தாம் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி வந்தது. உரோமுக்குப் போய்விட்டு நாடு திரும்பிய அவர், நவம்பர் 30 அன்று வீடு சேர்ந்தார். பயணம் நீடித்தது 17 மாதம் 8 நாள்.