உள்ளே ஒரு விரிசல்

பிறர் நோய்க்குப் பெயர் சூட்டுவதில் நம்மவர்களுக்கு இருக்கும் தாராளம் வேறு எதிலும் கிடையாது. எனக்கும் அந்த வியாதி உண்டு.

விருதுநகரில் என் பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்குச் சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் கணக்கு வேலை. இருதயத்திலிருந்து கிளம்பும் மகாதமனியின் அடிப்பாகம் புடைத்துவிட்டதென்று, அதை வெட்டி எடுத்துவிட்டு, செயற்கை இழைக் குழாயும் உலோக வால்வும் வைத்துத் தைத்திருந்தார்கள். பத்து மாதம் சௌக்கியமாக இருந்தார். பிறகு மாலைதோறும் லேசான காய்ச்சல், படியேறினால் மூச்சிரைப்பு.

"தீபாவளி வேலை, அலைச்சல். வெறும் அலுப்புக் காய்ச்சல் அண்ணாச்சி, கஷாயம் குடியுங்க" என்றேன். அவரும் அதைக் கேட்கத்தான் காத்திருந்தார். சரக்கு லாரி ஏறுகிற காலம் அல்லவா! மூன்று வாரம் ஓடிற்று.

மதினி கண்ணீர் விட்ட பிறகுதான் மதுரைக்கு அழைத்துப் போனேன். மார்பின் மேல் கருவியை வைத்து எக்கோ எடுத்தார்கள். உலோக வால்வின் நிழல் பாதியை மறைத்தது. ஆகவே மெல்லிய குழாய் ஒன்றை விழுங்கச் செய்தார்கள். உணவுக்குழல் இருதயத்துக்கு நேர் பின்னே போகிறது. அங்கிருந்து பார்த்தால் விலா எலும்பும் நுரையீரலும் குறுக்கிடுவதில்லை. தையல் ஓரத்தில் ஒரு சிறு வழி. அதில் கசிந்த ரத்தம் குழாய்க்கு வெளியே பைபோல் திரண்டு துடித்துக்கொண்டிருந்தது.

"போலிப் புடைப்பு. தையலில் கிருமி சேர்ந்தால் வரும். அபூர்வம்தான், வெடித்தால் ஆள் மிஞ்சமாட்டார்" என்றார் டாக்டர். சி.டி. படமும் அதையே சொல்லிற்று.

1953-ல் ஸ்வீடனின் லுண்ட் நகரில் எட்லர் என்ற மருத்துவரும் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக அறிஞரும் ஒலியலையால் இருதயத்தைப் பார்த்தார்கள். அதற்கு அவர்கள் இரவல் வாங்கிய கருவி, கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் உள்விரிசலைத் தேடப் பயன்பட்டது. பின்னால் இதைப் படித்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது. இரும்பைக்கூட மேல்பார்வையில் நம்பாத உலகத்தில், நான் ஒரு மனிதரின் முகத்தைப் பார்த்தே முடிவு சொல்லிவிட்டேன்!

மறு ஆபரேஷன் நடந்தது. வாரக்கணக்கில் ஊசி மருந்து. பிழைத்து வீடு திரும்பினார்.

"அலுப்புக் காய்ச்சல் என்று சொன்னது நான்தானே, அண்ணாச்சி" என்றேன் ஒருநாள் இரவு.

"நீ சொன்னே, நம்பினது நான். சரக்கிலே ஒரு சந்தேகம்னா, லாரியை நிறுத்திப்புட்டுப் பிரிச்சுப் பார்ப்போம். நம்ம உடம்புன்னா மட்டும், லாரி போகட்டும்னு இருந்துட்டேன் தம்பி."

அதன்பின் இருவரும் பேசவில்லை. அமைதியில் அவர் மார்புக்குள்ளிருந்து வால்வின் 'டிக் டிக்' சப்தம் கேட்டது. வெகு நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தோம்.