பூனையோடு வாழ்தல்

மனிதனை அண்டி வாழும் விலங்குகளுள் பூனையின் நிலை தனித்தன்மை வாய்ந்தது. மாடும் ஆடும் நாயும் மனிதனாற் பழக்கப்பட்டு அவன் வழி நிற்பன. பூனையோ பெரும்பாலும் தானாகவே வந்து சேர்ந்தது என்பர் ஆராய்ச்சியாளர். உழவுத்தொழில் தொடங்கிய மேற்காசிய நிலங்களில் தானியம் குவிந்த இடத்தில் எலி சேர்ந்தது. எலி சேர்ந்த இடத்துக்குக் காட்டுப்பூனை வந்தது. சைப்பிரஸ் தீவில், ஏறக்குறைய 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட புதைகுழியொன்றின் அருகே பூனையொன்றும் அடக்கஞ் செய்யப்பட்டிருந்தமை 2004ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. இத்துணை நீண்ட உறவின் பின்னரும் பூனை மனிதனுக்கு ஏவலாள் ஆகவில்லை. அதனோடு வாழ்வதிலுள்ள இன்பமும் தொல்லையும் இவ்வொரு குணத்திலிருந்தே பிறக்கின்றன எனலாம்.

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றில் வாழும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரின் இல்லத்துக்கும் எலியே பூனையைக் கொண்டுவந்தது. அறைமூலையில் அடுக்கியிருந்த நெல்மூடைகளைத் துளைத்த எலிகள், பின்னர் புத்தக அலுமாரியினுட் புகுந்தன. நெல் போனதைப் பொறுத்த ஆசிரியர், நிகண்டு கரம்பப்பட்டதைப் பொறுத்திலர். அயல்வீட்டிலிருந்து சாம்பல்நிறப் பெட்டைக்குட்டி ஒன்று கடகத்தில் வந்து இறங்கியது. ஒரு மாதத்துள் எலிகளின் நடமாட்டம் குறைந்தது. பூனையின் நடமாட்டமோ வீடெங்கும் நிறைந்தது.

ஆசிரியர் மாணவரின் கட்டுரைகளைத் திருத்த அமர்ந்தால், அசையும் பேனைமுனையைப் பிடிப்பதற்கென்று அது மேசைமேற் பாயும். நடந்தால் சாரத்தின் விளிம்பைப் பற்றித் தொங்கும். முற்றத்து முருங்கையில் விரைந்து ஏறிவிட்டு இறங்கவறியாது கதறும். பூனையின் நகங்கள் பின்னோக்கி வளைந்தவை. ஏறுதற்குப் பிடிகொடுக்கும் அவை, தலைகீழாக இறங்குவதற்குப் பயன்படுவதில்லை. இதனை அக்குட்டி கற்கும்வரை, அறுபது வயதைக் கடந்த ஆசிரியர் ஏணியோடு நிற்க நேர்ந்தது. வைகறையிலும் அந்தியிலும் ஊக்கங்கொள்வது பூனையின் இயல்பாதலால், கோழி கூவுமுன்னரே ஓட்டுக்கூரையின்மேல் அதன் ஓட்டம் தொடங்கிவிடும்.

இக்குறும்புகளுக்கேற்ப வீட்டில் ஒரு சொல்வழக்கும் உருவாயிற்று. குசினியில் பொரித்து வைத்த சூடைமீன் மறைந்த நாளில், "இஞ்சை வந்து பாருங்கோ, உங்கட பூனை செய்த வேலையை!" என்பார் ஆசிரியரின் மனைவியார். எலியொன்று பிடிபட்ட நாளிலோ, "எங்கட பூனை விடுமோ?" என்பார். ஒரே பூனை நாளொன்றில் இருமுறை உடைமை மாறுவதுண்டு.

விளையாட்டு எல்லை மீறிய வேளைகளும் இருந்தன. கபிலர் பாரியின் நாட்டைப் பாடுகையில், முல்லையின் அரும்புக்குக் காட்டுப்பூனைக் குட்டியின் கூரிய பற்களை உவமை கூறினார். அவ்வுவமையின் அருமையைப் பலகாலம் வகுப்பறையில் விளக்கிய ஆசிரியர், ஒருநாள் தம் விரலிலேயே அதனை உணர்ந்தார். நயத்துக்கு அங்கே இடமிருக்கவில்லை. விசர்நோய் நாயாலன்றிப் பூனையாலும் பரவக்கூடியது. கடிவாயைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவியபின், மனைவியாரின் வற்புறுத்தலால் அவர் வைத்தியசாலைக்குச் சென்றார். பூனைக்கு மூன்று மாதமானதும் தடுப்பூசி ஏற்றப்பட்டது.

விரற்புண் ஆறிய பின்னர், மனத்தை வருத்திய வேறொரு நிகழ்ச்சி வந்தது. மாதுளையிற் கூடு கட்டியிருந்த தேன்சிட்டொன்றை அது கவ்விக்கொண்டு வந்து விறாந்தையில் வைத்தது. வயிறு நிறைய உண்ட பூனை ஏன் கொல்லவேண்டும் எனக் கலங்கினார் மனைவியார். ஆனால் பூனையின் வேட்டையுணர்வு பசியை மட்டும் நம்பி இயங்குவதன்று. பேனைமுனையிற் பாய்வதும் எலிமேற் பாய்வதும் தேன்சிட்டின்மேற் பாய்வதும் அதற்கு ஒரே தொழில். ஒன்றை மெச்சி மற்றொன்றைக் கடிவது மனிதனின் கணக்கு. அன்றுமுதல் சிட்டுக்கள் கூடுகட்டும் காலத்தில் விடியலிலும் மாலையிலும் பூனை அறைக்குள் இருத்தப்பட்டது. அதன் எதிர்ப்பைக் கதவின் கீழ்ப்பகுதி இன்றும் கூறும்.

இவையெல்லாம் தொல்லைகளே எனினும், சொல்லிச் சிரிக்கவோ சிறிது கவனத்தால் தவிர்க்கவோ கூடியவை. உண்மையான சோதனை ஓராண்டு நிறையுமுன் வந்தது. இரவுகளில் மதிலின்மேற் கடுவன்களின் ஓலம் கேட்டது; ஏறத்தாழ 65 நாட்களின் பின் அலுமாரியின் கீழ்த்தட்டில் நான்கு குட்டிகள் பிறந்தன. கண்திறவாத அவற்றைத் தாய் கழுத்திற் கவ்வி இடம் மாற்றிய பக்குவம் கண்டு வீடே நெகிழ்ந்தது. தொல்காப்பியர் வெருகின் இளமைக்குக் குட்டி என்றும் பறழ் என்றும் பெயர் கூறுவதை ஆசிரியர் மகிழ்ந்து எடுத்துரைத்தார். "குட்டியோ பறழோ, நாலுக்கும் சோறும் மீனும் ஆர் போடுறது?" என்றார் மனைவியார்.

அயலவர் ஒருவர் ஊர்வழக்கமான தீர்வைச் சொன்னார்: "சாக்கிலை போட்டு இரவிலை சந்தையடியிலை விட்டால் சரி. மீன்காரர் பாப்பினம்." எவரும் பாராத இரவில் விடவேண்டியிருப்பதே அது தகாத செயல் என்பதற்குப் போதிய சான்றாகும். வேட்டை பழகாத குட்டிகள் சந்தையடியில் நாய்க்கும் வாகனத்துக்கும் பசிக்கும் இரையாகின்றன. எஞ்சியவை மீண்டும் குட்டியீன்று அதே சந்தையடியைப் பெருக்குகின்றன. ஆசிரியர் மறுமொழி கூறாதிருந்தார். "எலி பிடிக்கத் தாய் வேணும், பிள்ளையள் வேண்டாமோ? எங்கட வீட்டிலை பிறந்த சீவனுகள்" என்று மனைவியாரே முடிவு கூறினார். "உங்கட பூனை" என்ற சொல்லை அவர் அதன்பின் வழங்கியதாகத் தெரியவில்லை.

குட்டிகள் இரண்டு மாதம் தாயோடிருந்தபின், இரண்டு கேட்டுவந்த வீடுகளுக்குச் சென்றன; இரண்டு தங்கின. பகற்பொழுதின் நீளம் ஆண்டு முழுவதும் பெரிதும் மாறாத நம் நாட்டில், பூனைக்கு இனப்பெருக்கம் ஓயும் பருவமென ஒன்று இல்லை. பாலூட்டும் காலத்திலேயே மறுபடி கருக்கொள்ளவுங்கூடும். ஆகவே முதலில் தாய்க்கும், உரிய வயதில் அதன் குட்டிகளுக்கும் மிருகவைத்தியரிடம் கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்விக்கப்பட்டது. இயற்கைக்கு மாறான செயல் எனச் சிலர் குறைகூறினர். சாக்கு எந்த இயற்கையைச் சேர்ந்தது என்பதை அவர்கள் கூறவில்லை. பூனை சோம்பிவிடும், எலி பிடியாது என்ற அச்சமும் பொய்யாயிற்று. வேட்டையுணர்வு அச்சிகிச்சையால் அகல்வதில்லை. மூன்று பூனைகள் ஓடும் கூரையில் ஓடுகள் முன்னிலும் விரைவாக நகர்கின்றன.

பூனையை அடக்கியாளல் எவராலும் இயலாது. அதன் துடிப்பை விரும்புவோர் நகக்கீறலையும் கலைந்த உறக்கத்தையும் ஏற்கத்தான் வேண்டும். ஆயின் குட்டிகளின் கதி பூனையின் குறும்பாற் தீர்மானிக்கப்படுவதன்று. அது வீட்டாரின் கையிலேயே உள்ளது. பூனை தானாக வந்த விருந்து என்பது உண்மையே. எனினும் ஒருமுறை அதற்குச் சோறிட்ட வீடு, அதன் வயிற்றிற் பிறப்பவற்றுக்கும் ஒரு வழி சொல்லக் கடமைப்பட்டுள்ளது.