சாட்சியைக் காப்பதும் கடமையே

அன்று இஷாத் தொழுகைக்குப் பின் அம்பத்தூரில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சியில் ஒரு குற்றத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. கொலையை நேரில் கண்ட பெண், நீதிமன்றம் செல்ல அஞ்சி நடுங்குகிறாள். காவலர்கள் அவளை ஒளித்து வைத்துக் காக்கிறார்கள்.

"நமக்கேன் வம்பு என்று இருந்திருக்கலாமே" என்றோம்.

"சாட்சியத்தை மறைப்பது பாவம் என்று மதரஸாவில் சொன்னார்களே, அத்தா?" என்றாள் மகள். வாயடைத்துப் போனோம்.

சாத்தான்குளம் நினைவுக்கு வந்தது. 2020 ஜூனில் காவலில் எடுக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் அடுத்தடுத்து இறந்தனர். இரவெல்லாம் அடித்தார்கள் என்று விசாரிக்க வந்த நீதித்துறை நடுவரிடம் சொன்னவர், அதே காவல் நிலையத்தின் பெண் தலைமைக் காவலர். அச்சத்தோடுதான் சொன்னார். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அவருக்குப் பாதுகாப்பளிக்க உத்தரவிட்டது.

2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி, அச்சுறுத்தப்படும் சாட்சி மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் பாதுகாப்புக் கோரி மனு அளிக்கலாம். காவல், இடமாற்றம், அடையாளத்தை மறைத்தல் ஆகியவற்றுக்கு அதில் வழியுண்டு.

சாட்சியத்தை மறைக்காதீர்கள் என்கிறது அல்பகரா அத்தியாயத்தின் 283ஆம் வசனம். கடன் எழுதுவதைப் பற்றிய முந்தைய வசனமோ, சாட்சிக்குத் தீங்கிழைக்கலாகாது என்கிறது. முன்னதைப் பிள்ளைகளுக்குக் கற்பித்த நாங்கள், பின்னதை மறந்திருந்தோம்.

அன்றிரவே மகளிடம் எங்கள் சொல்லைத் திரும்பப் பெற்றோம். நம் மஹல்லாவில் ஒருவர் சாட்சி சொல்லத் துணிந்தால், நீதிமன்ற வாசல்வரை அவருடன் நடப்பது நம் கடமை. அல்லாஹ் அத்துணிவை நமக்குத் தருவானாக.